மே மாதச் சம்பளம்

கைக்காசு – 9

விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறானாம். பதினைந்து முடிந்துவிட்டது. “செல்போனைக் கையிலேர்ந்து பிடுங்க முடியல. எங்கயாவது ரெண்டு மாசம் வேலைக்கு அனுப்பலாம்னு அவங்க அப்பா சொல்றாரு. அனுப்பலாமா? எந்த வேலைக்கு அனுப்பலாம்? போலீஸ்ல பிடிப்பாங்களா?” என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். முதல் இரண்டுக்கு இந்த வாரப் பக்கம் முழுவதும் வேண்டும்.

கோடையில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிள்ளைகளுக்கு வேலைப் பஞ்சம் இல்லை. மரக்காணம், வானூர் பக்கத்துத் தர்பூசணியை வண்டியில் ஏற்ற ஆள் வேண்டும். சென்னை – திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் நுங்கு சீவ, வெள்ளரிப்பிஞ்சு விற்க ஆள் வேண்டும். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களில் இலை போட, பந்தி பரிமாற, இலை எடுக்க ஆள் வேண்டும். மே பிறந்தால் நோட்டுப் புத்தகக் கடைகளிலும், யூனிபார்ம் தைக்கும் தையல் கடைகளிலும் கூட்டம். ஜவுளிக்கடைக்காரர்களுக்குத் துணியை மடித்து வைக்க எப்போதும் சின்னக் கைகள் தேவை. வேலை கிடைக்கிறது. அது எப்படிப் பேசி முடிக்கப்படுகிறது என்பதில்தான் வினை.

“பையன் சும்மாத்தான் இருக்கான் முதலாளி. ரெண்டு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும்.”

“சரி, அனுப்புங்க. சம்பளம் என்னா எதிர்பாக்கறீங்க?”

“நீங்க பாத்து குடுங்க.”

அவ்வளவுதான் ஒப்பந்தம். பேச்சு நடக்கும்போது வேலைக்குப் போகிறவன் ஓரமாக நின்றுகொண்டிருப்பான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது போகலாம், நாள் கூலியா, மாதச் சம்பளமா, அதை யார் கையில் கொடுப்பார்கள் என எதுவும் பேசப்படாது. பிள்ளையைச் சும்மா இருக்க விடாமல் ஓரிடத்தில் சேர்த்துவிட்டோம் என்று அப்பாவுக்கு நிம்மதி. சம்பளம் பேசாமல் ஆள் கிடைத்தான் என்று முதலாளிக்கு நிம்மதி.

பதினைந்து வயதுப் பிள்ளை சம்பாதிக்க நினைப்பதில் தப்பே இல்லை. எந்த வேலையானாலும் நான் கேட்பது இரண்டு கேள்விதான். கூலி அவன் கைக்கு வருகிறதா? ஜூனில் பள்ளி திறக்கும்போது அவன் அங்கே இருப்பானா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் அனுப்புங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

இனி, போலீஸ் கேள்வி. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி விட்டு வந்த பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம். சினிமா, தொலைக்காட்சி போன்றவற்றில் நடிக்கலாம். அதற்குமேல் சலுகை கிடையாது. 14 முடிந்து 18 முடியாதவர்களை ‘வளரிளம் பருவத்தினர்’ என்கிறது சட்டம். சுரங்கம், வெடிபொருள், தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தானவை என்று சொல்லும் செய்முறைகள் என்று நீண்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் உள்ள வேலைகளுக்கு இவர்களை எடுக்கக் கூடாது. மற்ற வேலைகளுக்கு எடுக்கலாம். ஆகவே அந்தத் தாய் பயப்பட வேண்டியதில்லை. சட்டம் மீறப்பட்டாலும் பிள்ளையின் மேல் குற்றம் வராது, வேலைக்கு வைத்தவர் மேல்தான் வரும். 14-க்குக் கீழ் உள்ளவரையோ, ஆபத்தான வேலையில் வளரிளம் பருவத்தினரையோ வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

பதினான்கு தாண்டியவருக்கும் நேரக் கணக்கு உண்டு. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம்தான். ஓவர்டைம் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இரவு 7 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன் வேலையே கூடாது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம் எல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் போய் நில்லுங்கள். ராத்திரி ரிசப்ஷன் பந்தி தொடங்குவது ஏழு மணிக்கு. கடைசி இலை எடுக்கும்போது பதினொன்று ஆகிவிடும். அதே பையன்கள் அங்கேயே ஒரு பாயை விரித்துப் படுத்து, முகூர்த்தச் சாப்பாட்டுக்கு விடியற்காலையில் எழுந்திருப்பார்கள். சட்டம் எந்த நேரத்தைக் கூடாது என்கிறதோ, மிகச் சரியாக அந்த நேரத்தில்தான் மண்டபத்து வேலை முழுவதும் நடக்கிறது. காலை எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் சிறுவனாகச் செய்த பேப்பர் போடும் வேலையும் இன்று நிற்காது, அதுவும் விடியற்காலை வேலைதானே. பேப்பர் போடுவதையாவது ஒரு மணி நேர வேலை என்று விட்டுவிடுவேன். மண்டபத்துக்கு அனுப்பாதீர்கள். விடிய விடியக் கண் விழிப்பு, கொதிக்கும் சாம்பார் வாளி, பின்கட்டில் பெரியவர்களின் குடி எல்லாம் அதோடு சேர்ந்தே வரும்.

கடைக்காரர்கள் இந்தச் சட்டத்தை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு சாரார் பதினெட்டு முடியாத யாரையும் சேர்ப்பதில்லை. ‘இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணிபுரியவில்லை’ என்ற பலகையை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இன்னொரு சாரார் அதே பலகையை மாட்டிக்கொண்டு பையன்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆய்வுக்கு ஆள் வந்தால் பின்பக்கம் போகச் சொல்கிறார்கள். பதிவேட்டில் பெயர் எழுதி, ஆறு மணி நேரத்தில் அனுப்பி, வாரச் சம்பளத்தைக் கையில் கொடுக்கும் மூன்றாவது வகைக் கடைதான் நமக்கு வேண்டும். அது குறைவு. கேட்பவர்கள் குறைவாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஒலக்கூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நுங்குக் கடை. நான்கு குச்சி நட்டு மேலே ஓலை வேய்ந்திருக்கிறது. பையனுக்குப் பதினைந்து இருக்கலாம். இடது கையில் காயைப் பிடித்து, வலது கை அரிவாளால் தலையை மூன்று வெட்டில் சீவுகிறான். மூன்று கண்ணும் தெரிகிறது. கத்தி முனையால் சுற்றிலும் ஒரு கீறல் போட்டு, பெருவிரலால் நெம்பி, உடையாமல் சுளையை எடுத்து ஓலையில் வைக்கிறான். கார் கதவைத் திறக்காமலேயே “இளசா இருக்கா?” என்று கேட்கிறவர்களுக்கு, காயைத் தட்டிப் பார்த்து எது இளசு, எது கடுக்காய் என்று பிரித்துக் கொடுக்கிறான். அந்தத் தீர்ப்பு தப்புவதில்லை. முழுத் தொழிலும் அவன் கையில் இருக்கிறது. பணம் வாங்குவதற்குக் கம்பத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஸ்கேன் செய்தால் வேறொரு பெரியவரின் பெயர் வருகிறது. பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று சத்தமாக அறிவிக்கிறது.

“யாரு கடை தம்பி?”

“மாமாவுது.”

“உனக்கு என்ன தருவாரு?”

“ஸ்கூல் தொறக்கறப்ப பேகு, ஷூ வாங்கித் தரேன்னு சொல்லிக்கீறாரு.”

அவன் படிப்பது அரசுப் பள்ளி. பையும் காலணியும் அங்கே இலவசம்.

மாமாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சொந்தத்துக்குள் நடப்பதால் கூலி என்ற பேச்சே எழாது. பள்ளி திறந்ததும் அவன் போய்விடுவான். இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம்’, முதல் கேள்விக்கு ‘இல்லை’. இந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் நிலை இதுதான் என்பது என் எண்ணம். இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் வரும் இடங்களும் இங்கே இருக்கின்றன.

அவற்றில் முதலாவது செங்கல் சூளை. தை பிறந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போவார்கள். முன்பணம் வாங்குவது அப்பா. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதுவதும் அப்பா பெயரில். மண் குழைப்பது, அச்சில் அறுத்த கல்லைத் திருப்பிக் காயப் போடுவது, அடுக்குவது எல்லாவற்றிலும் பிள்ளையின் கை இருக்கும். கணக்கில் பிள்ளை இருக்காது. முன்பணம் கழிந்தால்தான் ஊர் திரும்பலாம். மழைக்காலத்துக்குள் கழியவில்லை என்றால் அடுத்த பருவத்துக்கும் அதே சூளை. விழுப்புரம் மாவட்டத்தில் சூளையிலும் மரம் வெட்டுவதிலும் கரி சுடுவதிலும் இப்படிச் சிக்கியவர்களில் இருளர் குடும்பங்கள் மிகுதி. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்த முன்பணக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அதை அவர்களிடம் போய்ச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்த வேலையைத்தான் பல ஆண்டுகளாகச் செய்கிறது. சாதிச் சான்றிதழுக்கும் நடையாய் நடந்து போராடுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகையும் இல்லை, மேற்படிப்பில் இடமும் இல்லை. பிள்ளை திரும்பவும் சூளைக்குத்தான் போகும்.

இரண்டாவது, தரகர் வீட்டு வாசலுக்கே வந்து பேசும் மில் வேலை. கொங்குப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்த ‘சுமங்கலித் திட்டம்’ நினைவிருக்கும். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. திட்டத்தின் பெயர் இப்போது காதில் விழுவது குறைந்துவிட்டது. ‘கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்’ என்ற பேச்சு ஓயவில்லை. மொத்தமாகத் தருகிறேன் என்பவரிடம் பெண்ணையும் அனுப்பாதீர்கள், பையனையும் அனுப்பாதீர்கள். வாரம் தவறாமல் கொடுப்பவரிடம் மட்டும் அனுப்புங்கள்.

சின்ன வயதில் வேலைக்குப் போய்ப் பெரிய ஆளானவர்களின் கதையை இந்த இடத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். விழுப்புரத்துக்கு அப்படி இரண்டு பேர் உண்டு. விழுப்புரம் சின்னையா கணேசன், அதாவது சிவாஜி, சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கடலூரிலிருந்து ஓடிவந்தது விழுப்புரத்தில் மாமா வீட்டுக்கு. பாரதியின் எழுத்து அவருக்கு அறிமுகமானது இங்கேதான். 1946-இல் சென்னைக்குப் போய்க் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கம்யூனிஸ்ட் கட்சியின் ஜனசக்தி அச்சகத்தில் சேர்ந்தார். பிறகு தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடையிலும் வேலை. 2002-க்கான ஞானபீடம் அவருக்கு வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் கணேசனோடு பாயில் படுத்த மற்றப் பையன்கள் எங்கே? அச்சகங்களில் ஈய எழுத்துப் பொறுக்கிய மற்றச் சிறுவர்கள் எங்கே? அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை. ஜெயகாந்தனுக்குக் கிடைத்தது படிக்கக் கொடுத்த மாமாவும், விவாதம் செய்ய ஆட்கள் நிறைந்த கட்சி அலுவலகமும். அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

குடும்பத் தொழிலைச் சட்டம் அனுமதிக்கிறது என்றேன். நல்ல உதாரணம் விழுப்புரத்தை ஒட்டிய அய்யங்கோவில்பட்டு. விநாயகர் சதுர்த்திக்குப் பல மாதம் முன்பே அங்கே காகிதக்கூழ் பிள்ளையார் வேலை தொடங்கிவிடும். ஊறவைத்த காகிதத்தை அரைத்து, கிழங்கு மாவு சேர்த்து, அச்சில் அப்பி, காய வைத்து, கை, காது, தும்பிக்கை ஒட்டி வண்ணம் அடிக்கிறார்கள். பெரிய சிலையைத் தூக்குவது பெரியவர்கள் வேலை. நகத்துக்கு வண்ணம் தீட்டுவது, நகைக்குத் தங்க வண்ணம் இழுப்பது போன்ற பொறுமை வேலைகள் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளின் கைக்கு வரும். கண் திறப்பது கடைசியில், கை தேர்ந்தவரிடம். இதைக் குழந்தை உழைப்பு என்று நான் சொல்லமாட்டேன், ஒரு கலை அடுத்த கைக்கு மாறும் வழி இது. என்றாலும் ஆர்டர் குவிந்து, பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டு உட்கார்ந்தால் அதுவும் கூலி வேலைதான். வெளியாள் கொடுத்த வேலையை வீட்டில் வைத்துச் செய்துவிட்டு ‘குடும்பத் தொழில்’ என்று பெயர் சூட்டுவது வேறொரு தந்திரம். அதைத் தனியாக ஒரு வாரம் பேசலாம்.

அந்தத் தாயின் இரண்டாவது கேள்வி, எந்த வேலை? கூலியை எண்ணிப் பார்க்க முடிகிற வேலை. மே, ஜூனில் யூனிபார்ம் தைக்கும் கடைகளில் காஜா, பட்டன், ஹெம்மிங் வேலைக்கு ஆள் எடுப்பார்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று. இன்று எத்தனை சட்டை முடித்தோம் என்பது பிள்ளைக்கே தெரியும், ‘பாத்து குடுங்க’ என்பதற்கு அங்கே இடமில்லை. வீட்டில் இருந்தபடி பூ கட்டுவதும் அப்படித்தான், முழக் கணக்கு. நோட்டுப் புத்தகக் கடை, ஜெராக்ஸ் கடை, பிளெக்ஸ் டிசைன் போடும் ஸ்டூடியோ எல்லாம் பகல் வேலை, எழுத்தோடும் கணக்கோடும் புழங்குகிற வேலை. ஒன்பதாம் வகுப்பு நன்றாகப் படித்தவர், தெருவில் உள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்கு வாய்ப்பாடும் தமிழ் வாசிப்பும் சொல்லிக்கொடுத்து மாதக் கட்டணம் வாங்கலாம். இதற்கு எந்த முதலாளியும் தேவையில்லை.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பைக்கில் தண்ணீர் கேன் போடுவது, பார்சல் கொடுப்பது வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 18 முடியாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ ரூ.25,000 அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ‘லைக் போட்டால் காசு’ என்று செல்போனில் வருவது ஏமாற்று. அதைவிட மோசம், வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் ஒரு வாரத்துக்குக் கொடு, கமிஷன் தருகிறேன் என்று வருகிற அண்ணன்கள். யாரோ பறிகொடுத்த பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரின் வீட்டுக்கு. போலீஸ் பயம் நியாயமாக வர வேண்டிய இடம் இதுதான்.

பிள்ளைகள் தங்கள் முயற்சியால் ஈட்டக்கூடிய பெரிய தொகை ஒன்று இருக்கிறது. அதை யாரும் சம்பாத்தியமாக நினைப்பதில்லை. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. நான்கு ஆண்டில் ரூ.48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளையாக இருக்க வேண்டும், பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, 500 மாணவர், 500 மாணவியருக்கு ஆண்டுக்கு ரூ.10,000, இளநிலைப் பட்டம் முடியும்வரை. ஒரு கடையில் நாளுக்கு ரூ.300 என்று வைத்துக்கொண்டாலும், என்.எம்.எம்.எஸ். தொகைக்கு 160 நாள் நிற்க வேண்டும். பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு சில மாதம் மாலையில் உட்கார்ந்தால் போதும். எல்லாரும் தேறிவிட முடியாது என்பது உண்மைதான். எழுதவே எழுதாத பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

பத்தாவதோடு படிப்பு போதும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 14 வயது முடிந்தால் சேரலாம், சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். மாதம் ரூ.750 உதவித்தொகை, இலவசப் பஸ் பாஸ். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கூடுதல். அதன்பின் அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போனால், 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தது மாதம் ரூ.7,000. வொர்க்ஷாப்பில் ‘தொழில் கத்துக்கட்டும்’ என்று சம்பளமே இல்லாமல் இரண்டு ஆண்டு ஸ்பானர் எடுத்துக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். கையில் சான்றிதழும் இருக்கும்.

ஆக, அம்மா, இந்த ஆண்டு பையனைத் தையல் கடைக்கோ நோட்டுக் கடைக்கோ அனுப்புங்கள். அனுப்பும்போது அவனையும் உட்காரவைத்துக்கொண்டு முதலாளியிடம் பேசுங்கள். காலை எட்டுக்கு மேல் வருவான், ஆறு மணி நேரம்தான் நிற்பான், ஏழு மணிக்குள் வீட்டில் இருப்பான், சனிக்கிழமைதோறும் சம்பளத்தை அவன் கையில் கொடுத்துவிடுங்கள், பிளஸ் ஒன் சேர்க்கை அன்றைக்கு வேலையை விட்டு நின்றுவிடுவான் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். சம்மதிக்காத கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கொடுத்த வேலை கொத்தடிமை வேலையாகத் தெரிந்தாலோ, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எங்காவது வேலை செய்வதைப் பார்த்தாலோ 1098-க்குக் கூப்பிடுங்கள், குழந்தைகளுக்கான இலவச உதவி எண். சம்பாதித்த பணத்தை அப்பா கணக்கில் போட வேண்டியதும் இல்லை. பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே வங்கியிலும் அஞ்சலகத்திலும் சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே பணம் போடலாம், எடுக்கலாம். அஞ்சலகத்தில் தொடங்க ரூ.500 வேண்டும். முதல் வாரச் சம்பளத்தில் அதைச் செய்துவிடலாம்.

(அடுத்த வாரம்: தீபாவளிக்கு ஜவுளிக்கடைகள் எடுக்கும் தற்காலிக ஆட்கள்)